ஷாக் அப்சார்பர் சத்தம்: 'டொக்' ஒரு காரணம், 'டிங்' இன்னொரு காரணம்

[காட்சி: வேகத்தடையில் ஏறி இறங்கும் முன்சக்கரம், அருகில்]

வேகத்தடையில் 'டொக்' என்று கேட்டதுமே ஷாக் போய்விட்டது என்று முடிவு கட்ட வேண்டாம். ஷாக் உள்ளுக்குள் தேய்ந்தால் பல நேரம் சத்தமே இருக்காது, வண்டிதான் ஆடும். சத்தம் போடுவது பெரும்பாலும் அதைப் பிடித்திருக்கும் பாகங்கள்.

சிறு பள்ளங்களில் மெதுவாகப் போகும்போது 'கடகட' என்றால் முதல் சந்தேகம் ஸ்டெபிலைசர் லிங்க் மேல் (வளைவில் வண்டி சாய்வதைக் குறைக்கும் கம்பியைச் சக்கரப் பக்கத்தோடு இணைக்கும் சிறு தண்டு). நான்கு சக்கரமும் சமதளத்தில் நிற்க, லிங்கைப் பிடித்து ஆட்டுங்கள். லூசாக ஆடினால் அதன் பால் ஜாயின்ட் (உருண்டை மூட்டு) தேய்ந்திருக்கிறது. ஒரு சக்கரத்தை மட்டும் ஜாக்கியில் தூக்கினால் லிங்க் இழுபட்டு விறைக்கும், கோளாறு தெரியாது.

[காட்சி: பானெட் திறந்து, ஸ்ட்ரட் மவுண்டின் மேல் கை]

நின்ற இடத்தில் ஸ்டீயரிங்கைத் திருப்பும்போது ஸ்பிரிங் 'டிங்' என்று துள்ளினால், ஸ்ட்ரட்டை (ஷாக்கும் ஸ்பிரிங்கும் சேர்ந்த பாகம்) வண்டி உடலோடு பிடிக்கும் மேல் மவுண்டின் பேரிங் இறுகிவிட்டது. மவுண்டின் மேல் கை வைத்தால் துள்ளல் தெரியும். விரலை ஸ்பிரிங் சுற்றுகளுக்குள் விடாதீர்கள்.

பெரிய பள்ளத்தில் மட்டும் 'டம்' என்று இடித்தால், ஷாக் முழுதாக அமுங்கும்போது இடியைத் தாங்கும் பம்ப் ஸ்டாப் ரப்பர் நொறுங்கியிருக்கலாம்.

[காட்சி: எண்ணெய் வழிந்த ஷாக்]

இப்போது ஷாக்குக்கே வருவோம். மேலே லேசான எண்ணெய்ப் பூச்சு கோளாறல்ல. கோடாக வழிந்தால் எண்ணெயை உள்ளே அடைத்து வைக்கும் சீல் போய்விட்டது. எண்ணெய் குறைந்தால் பிஸ்டன் நுரையைத்தான் தள்ளும். நுரை தடை தராது, அதனால் பிஸ்டன் தடதடவென ஓடும்.

அப்படியே ஓட்டினால் டயர் சாலையை விட்டுத் துள்ளும். கரடுமுரடான சாலையில் பிரேக் தூரம் கூடும். டயர் திட்டுத்திட்டாகத் தேய்ந்து, ஓடும்போது இரையும். அந்த இரைச்சலைக் கேட்டு வீல் பேரிங்கை மாற்றிவிடுபவர்களும் உண்டு!

[காட்சி: புது ஷாக் பொருத்துதல்]

மாற்றுவதானால் ஒரே அச்சின் இரண்டையும் சேர்த்து மாற்றுங்கள். ட்வின் டியூப் (ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு குழாய் உள்ள) ஷாக் என்றால், நிமிர்த்திப் பிடித்து 3 முதல் 5 முறை முழுதாக இழுத்து அமுக்கிய பிறகே பொருத்துங்கள். படுக்க வைத்திருந்தபோது உள்குழாயில் புகுந்த வாயு வெளியேறாவிட்டால் புது ஷாக்கும் தட்டும். பிஸ்டன் ராடைப் பிளையரால் பிடிக்கவே கூடாது. கீறல் சீலை அறுத்துவிடும். கீழ் புஷ் (ரப்பர் உறை) போல்ட்டை வண்டி தரையில் நின்ற பிறகுதான் முழுதாக இறுக்க வேண்டும். சக்கரம் தொங்கும்போதே இறுக்கினால் ரப்பர் முறுக்கிக்கொண்டே இருந்து சீக்கிரம் கிழியும். முன்பக்க ஸ்ட்ரட்டைக் கழற்றியிருந்தால் வீல் அலைன்மென்ட்டையும் பார்த்துவிடுங்கள்.