ஆமாங்க, மாப்பிள்ளைதான் பாக்குறோம்!

(வியாசர்பாடி பட்டிமன்றம். தலைப்பு: திறமை இருக்கு, வெளியில நடத்தை சரியில்ல, அப்படிப்பட்ட கால்பந்து வீரரை அணியில் எடுக்கலாமா, கூடாதா? ‘கூடாது’ அணியின் உரை.)

நடுவர் அவர்களுக்கு வணக்கம். எதிரணிக்கு வணக்கம். வியாசர்பாடி, புளியந்தோப்பு, காசிமேடு, காலடிப்பேட்டையில இருந்து, வேலை முடிச்ச கையோட சட்டைகூட மாத்தாம வந்து உக்காந்திருக்கிற எல்லாருக்கும் வணக்கம்.

எதிரணித் தலைவர் அண்ணன் ஒண்ணு கேட்டாரு. நீங்க விசில் அடிச்சீங்க. “கோல் மழை பொழியிற பையனைக் கூட்டியாந்து நிறுத்துறோம், இவங்க அவன் நடத்தையைக் கேக்குறாங்க. ஏம்பா, நீங்க டீமுக்கு ஆள் எடுக்குறீங்களா, வீட்டுக்கு மாப்பிள்ளை பாக்குறீங்களா?”

ஆமாங்கண்ணே! மாப்பிள்ளைதான் பாக்குறோம்! மாப்பிள்ளை ஒரு வீட்டுக்குள்ளதான் வர்றாரு. சென்டர் ஃபார்வர்டு ஒரு ஏரியாவுக்குள்ளயே வர்றாரு. அப்ப எவ்வளவு பாக்கணும்?

மாப்பிள்ளை பாக்குறப்ப எங்க விசாரிப்போம்? அவர் வீட்டுலயா? அங்க கேட்டா தங்கம்னுதான் சொல்லுவாங்க. பழைய தெருவுல கேப்போம், வேலை பாக்குற இடத்துல கேப்போம், டீக்கடையில கேப்போம். குடிப்பாரா? குடிச்சா எப்படி இருப்பாரு? கை நீட்டுவாரா? அதே வேலைதான் இங்கயும். பழைய கிளப் செகரட்டரியைக் கேக்காதீங்க. தலைவலி ஒழிஞ்சா போதும்னு நெனைக்கிறவர், வேற கிளப்புக்குப் போக தடையில்லாச் சான்று, அதான் என்.ஓ.சி., குடுக்குறப்ப குறை சொல்லவே மாட்டாரு. வேன் ஓட்டுன அண்ணனைக் கேளுங்க. வெளியூர் டோர்னமென்ட் போனப்ப ராத்திரி லாட்ஜுல என்ன நடந்துச்சுன்னு அவருக்குத் தெரியும். கிட் பை தூக்குன பையனைக் கேளுங்க, ஏன்னா தோத்த அன்னைக்கு அடி வாங்குறது அவன்தான். அந்த கிளப்ல பொண்ணுங்க டீம் இருந்தா அதோட கேப்டனைக் கேளுங்க. ஒரே சீசன் நடுவுல ஏன் கிளப் மாறுனாருன்னு கேளுங்க. சம்பளப் பிரச்சனைன்னு சொன்னா, எந்த மாசச் சம்பளம்னு கேளுங்க. உண்மையா இருந்தா மாசம் சொல்லுவாரு.

விசாரிச்சும் கண்ணை மூடிக்கிட்டு எடுத்தா என்ன ஆகும்? எதிரணி இதைக் கொஞ்சம் பொறுமையாக் கேக்கணும்.

ஸ்காட்லாந்துல கிர்கால்டின்னு ஒரு கடலோர ஊர். அங்க ரெய்த் ரோவர்ஸ்னு ஒரு கிளப். 1883-ல ஆரம்பிச்சது. பெரிய பணக்கார கிளப் இல்ல, ரெண்டாவது டிவிஷன். ஆனா ஊரே அதைத் தன் வீடு மாதிரி வெச்சிருக்கு. 2022 ஜனவரி 31, திங்கட்கிழமை. ஆள் எடுக்கக் கடைசி நாள். டேவிட் குட்வில்லின்னு ஒரு ஸ்டிரைக்கரை எடுத்தாங்க. ஸ்காட்லாந்து தேசிய அணிக்கே ஆடினவரு. ரெண்டரை வருஷ ஒப்பந்தம். கோல் போடுவாரா? போடுவாரு. அதுல யாருக்கும் சந்தேகம் இல்ல.

ஆனா 2017-ல சிவில் நீதிமன்றம் ஒரு தீர்ப்பு சொல்லியிருந்துச்சு. அவரும் இன்னொரு ஆட்டக்காரரும் சேர்ந்து ஒரு பொண்ணைப் பாலியல் வன்கொடுமை பண்ணாங்கன்னு நீதிபதி முடிவு பண்ணி, 1,00,000 பவுண்டு நஷ்ட ஈடு குடுக்கச் சொன்னாரு. கிரிமினல் வழக்கு நடக்கல, அதையும் சொல்லிடறேன். ஆனா இது தெருமுனை வதந்தி இல்லீங்க. சாட்சி கேட்டு, எழுதி வெச்ச தீர்ப்பு. அந்த கிளப்புக்கு அது தெரியாதா? தெரியும். தெரிஞ்சுதான் எடுத்தாங்க. எதிர்ப்பு வந்ததும் என்ன சொன்னாங்க தெரியுமா? “இது முதல்ல கால்பந்து சம்பந்தப்பட்ட முடிவு”ன்னாங்க. எதிரணி அண்ணன் இன்னைக்கு இங்க சொன்ன அதே வார்த்தை!

செவ்வாய்க்கிழமை விடிஞ்சது. சின்ன வயசுல இருந்து அந்த கிளப்புக்காகக் கத்துன ஒரு பிரபலமான நாவலாசிரியர், அந்தம்மா பேருதான் அணியோட சட்டையிலயே இருக்கு, ஸ்பான்ஸர் அவங்கதான். அவங்கப்பா அந்த கிளப்புக்கு ஆள் தேடிக் குடுத்த ஸ்கவுட். அப்பா காலத்து உறவு. “என் ஸ்பான்ஸர்ஷிப் முடிஞ்சது”ன்னு அறிவிச்சுட்டாங்க. பெண்கள் அணிக் கேப்டன் ஒருத்தங்க, பத்து வருஷமா அந்த சட்டையைப் போட்டவங்க, கழட்டி வெச்சிட்டாங்க. நிர்வாகக் குழுவுல இருந்தவங்களே ராஜினாமா பண்ணாங்க. வியாழக்கிழமை, பிப்ரவரி 3. கிளப் தலைவர் வெளிய வந்து, நாங்க தப்பு பண்ணிட்டோம், மன்னிச்சுக்குங்க, இவரை ஆட வைக்க மாட்டோம்னாரு.

திங்கள்ல இருந்து வியாழன். நடுவர் அவர்களே, அந்த ஒப்பந்தத்துல அவர் எத்தனை மேட்ச் ஆடினாரு? ஒண்ணுகூட இல்ல! எத்தனை கோல்? எதிரணி நோட்டுல எழுதிக்குங்க, முட்டை!

இன்னொரு தடவை சொல்றேன், பின்னாடி நிக்கிறவங்களுக்குக் கேக்கட்டும். வந்தது ஒருத்தர். போனது ஸ்பான்ஸர். போனது கேப்டன். போனது நிர்வாகிங்க. அப்புறம் பெண்கள் அணி மொத்தமும் கிளப்பை விட்டுப் பிரிஞ்சு போயி, தங்களுக்காக நின்ன அந்த எழுத்தாளரோட பேரையே தங்க டீமுக்கு வெச்சிக்கிச்சு. சரி, இவரை என்ன பண்றது? மார்ச் மாசம் கிளைட்ங்கிற அவரோட பழைய கிளப்புக்கே லோன்ல, அதாவது கொஞ்ச காலம் அங்க ஆடுறதுக்கு, அனுப்பினாங்க. அங்க மைதானம் கவுன்சிலோடது. அவர் இந்த மைதானத்துல காலை வைக்கக் கூடாதுன்னு கவுன்சில் சொல்லிடுச்சு. அந்த ஊர்ப் பெண்கள் அணியும் கூண்டோட விலகுச்சு. லோன் ரத்து. ஒரே கையெழுத்து, ரெண்டு ஊர்ல பொண்ணுங்க சட்டையைக் கழட்டி வெச்சாங்க!

முடிஞ்சுதா? இல்ல. அவர் இல்லாம ரெய்த் ரோவர்ஸ் அழிஞ்சு போச்சா? ஏப்ரல் 3-ந் தேதி, சரியா ரெண்டு மாசம் கழிச்சு, சேலஞ்ச் கப் ஃபைனல். குயின் ஆஃப் தி சவுத் அணியை 3-1-ன்னு அடிச்சுக் கோப்பையைத் தூக்குனாங்க. இவர் இல்லாம! அண்ணே, இப்ப சொல்லுங்க, மாப்பிள்ளை பாக்கணுமா வேணாமா?

ரெண்டாவதா பேசுன தம்பி, “ஒப்பந்தத்துல நன்னடத்தைன்னு ஒரு ஷரத்து போட்டுட்டா போதுமே”ன்னாரு. நல்ல யோசனை மாதிரி இருக்கும். அந்த ஷரத்தை யார் எடுத்து நீட்டணும்? காசு குடுத்து வாங்குன அதே கிளப்பு. ஆளை நீக்குனா குடுத்த பணம் போச்சு. அதனால முதல் தடவை “எச்சரிக்கை”, ரெண்டாவது தடவை “குடும்ப விஷயம்”, மூணாவது தடவை “சீசன் முடியட்டும்”. துணிஞ்சு நீக்குன கிளப்பும் ஒண்ணு இருக்கு. லண்டனோட செல்சீ. 2003-ல இத்தாலியோட பார்மா கிளப்புக்கு இரண்டேகால் கோடி யூரோ குடுத்து அட்ரியன் முட்டுங்கிற ஸ்டிரைக்கரை வாங்கினாங்க. 2004-ல கோகெய்ன் சோதனையில சிக்கினாரு. அந்த அக்டோபர்லயே வெளிய அனுப்பிட்டாங்க. ஏழு மாசம் ஆடத் தடை. அப்புறம் நஷ்ட ஈட்டு வழக்கு. 2008-ல ஃபிஃபா 1,71,73,990 யூரோ கட்டச் சொல்லுச்சு. 2009-ல விளையாட்டு நடுவர் மன்றம் அதை உறுதி பண்ணுச்சு. ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்துல அவர் போட்ட வழக்கு தள்ளுபடி ஆனப்ப வருஷம் 2018! பதினாலு வருஷம். செல்சீக்கு வக்கீலுங்க படையே இருக்கு. நம்ம முல்லை நகர்ல டீம் நடத்துறவருக்கு நோட்டரி முத்திரை குத்தவே நேரம் இல்ல. அவர் எங்கருந்து பதினாலு வருஷம் கேஸ் நடத்துவாரு?

மான்செஸ்டர் யுனைடெட் ஸ்டார் கான்டோனாவைச் சொன்னீங்க. 1995 ஜனவரியில ரசிகரை எட்டி உதைச்சாரு, உண்மை. மைதானத்துல, எல்லாரும் பாக்க. செப்டம்பர் முடியற வரைக்கும் தடை, 120 மணி நேரம் சமூக சேவை, முழுசா அனுபவிச்சுட்டுத்தான் திரும்பினாரு. ஆர்சனல் கேப்டன் டோனி ஆடம்ஸைச் சொன்னீங்க. குடிச்சுட்டு வண்டி ஓட்டி ஜெயிலுக்குப் போனவரு, பிற்பாடு குடிநோயை ஒத்துக்கிட்டு, 2000-ல மத்த வீரர்களுக்காக ஒரு மருத்துவ மையமே ஆரம்பிச்சாரு. கையெடுத்துக் கும்பிடறேன் அவரை. ஆனா அவர் ஆர்சனல்லயே வளர்ந்த பையன். நம்ம வீட்டுப் பையன் விழுந்தா நாமதான் தூக்கணும். தலைப்பு அது இல்லையே. தலைப்பு, வெளியில இருந்து தெரிஞ்சே கூட்டியாரலாமாங்கிறது.

“தண்டனை அனுபவிச்சவன் பிழைக்க வேணாமா?”ன்னும் கேட்டாங்க. பிழைக்கணும், வேலை செய்யணும். ஆனா பிரேசில்ல புரூனோன்னு ஒரு கோல்கீப்பர், ஒரு பொண்ணைக் கொன்ன வழக்குல 22 வருஷம் தண்டனை. 2017 பிப்ரவரியில மேல்முறையீடு நிலுவையில இருக்குன்னு வெளிய விட்டாங்க, மார்ச்சுலயே போவா எஸ்போர்ட்டேங்கிற கிளப் எடுத்துடுச்சு. ஸ்பான்ஸருங்க ஒவ்வொருத்தரா ஓடினாங்க. ஏப்ரல்ல உச்ச நீதிமன்றம் அவரை மறுபடி சிறைக்கே அனுப்பிடுச்சு. தண்டனை முடியற வரைக்கும்கூடப் பொறுக்கலையே அந்த கிளப்பு!

கடைசியா எதிரணி ஒண்ணு சொல்லிச்சு, அது எனக்கு வலிச்சது. “வடசென்னைப் பையன்னா கேஸ் இருக்கும். கேஸ் இருக்கிறவனை எல்லாம் ஒதுக்குனா இங்க பதினோரு பேர் தேறுவாங்களா?” அண்ணே, அதை எங்க வாயில போடாதீங்க. ராத்திரி தெருமுனையில நின்னதுக்கு 75 கேஸ், அதான் போலீஸ் சட்டத்துல வர்ற சின்ன கேஸ், போட்டா அது நடத்தை இல்ல, அது நம்ம விலாசம் பண்ண குத்தம். அந்த ஒரு எஃப்.ஐ.ஆரால போலீஸ் வெரிஃபிகேஷன் நின்னு, ஸ்போர்ட்ஸ் கோட்டா வேலையும் பாஸ்போர்ட்டும் கையை விட்டுப் போன பசங்களுக்காக முதல்ல சண்டை போடறது எங்க அணிதான். நாங்க கேஸ் நம்பர் கேக்கல. தன்னைவிட பலம் குறைஞ்சவங்க மேல கை வெச்சாரா? பொண்டாட்டி மேல, ஒரு பொண்ணு மேல, கிட் பை தூக்குற பொடியன் மேல? அதைத்தான் கேக்குறோம். கேஸே இல்லாத பணக்கார வீட்டு ஸ்டாரா இருந்தாலும் அதைத்தான் கேப்போம்.

ஏன் இவ்வளவு பிடிவாதம்? ஐரோப்பாவுல ஸ்டார் வேற, அகாடமி வேற, நடுவுல மதில் சுவர். நம்ம மைதானத்துல என்ன நடக்குது? சாயங்காலம் கோல் போடுறவருதான் காலையில ஆறு மணிக்கு அண்டர்-10 பசங்களுக்குக் கோன் வைக்கிறாரு. அவர் பைக்லதான் பசங்க மேட்சுக்குப் போறாங்க. ரெஜிஸ்ட்ரேஷனுக்கு ஆதார், பர்த் சர்ட்டிஃபிகேட், அம்மாவோட போன் நம்பர் எல்லாம் அவர் கையில. 18 வயசுக்குக் கீழ ஒரு புள்ளைக்குத் தப்பு நடந்தது தெரிஞ்சும் சொல்லலைன்னா, போக்ஸோ சட்டம் 19-வது பிரிவுப்படி சொல்ல வேண்டியவங்க நாம, 21-வது பிரிவுல உள்ள போறதும் நாம. இதெல்லாம் தெரிஞ்சு ஒருத்தரைக் கூட்டியாந்து, “இவர்தாண்டா உங்க அண்ணன், இவர் சொல்றதைக் கேளுங்க”ன்னு புள்ளைங்க கையைப் பிடிச்சுக் குடுப்பீங்களா?

2017-18-ல ஐ.எஸ்.எல். கோப்பையைத் தூக்குன சென்னையின் எஃப்.சி.யில நம்ம வியாசர்பாடி தனபால் கணேஷ் இருந்தாரு. இங்க பொடிப்பசங்க அவர் முடியை வெட்டுற மாதிரி வெட்டுவாங்க, அவர் சாக்ஸை இழுத்துவிடுற மாதிரி இழுத்துவிடுவாங்க. ஆட்டத்தை மட்டும் தனியாப் பிரிச்சுக் கத்துக்கத் தெரியாதுங்க அந்த வயசுக்கு. ஆளைத்தான் கத்துக்கும்.

என் நேரம் முடியப் போகுது, மணி மேல கை வெச்சிட்டாங்க. நடுவர் அவர்களே, அதோ மூணாவது வரிசையில ஜெர்சியோட உக்காந்திருக்கிற பொண்ணுங்களைப் பாருங்க. அவங்க கால்ல இருக்கிற ஸ்டட்ஸுக்கு ஒரு அம்மா மீன் கூடை தூக்கியிருக்காங்க. இன்னொரு அம்மா நாலு வீட்டுல பாத்திரம் தேச்சிருக்காங்க. “பொம்பளப்புள்ளையை ஆம்பளைங்க இருக்கிற கிரவுண்டுக்கு அனுப்புறியே”ன்னு தெருவே பேசுனப்ப, “அங்க அண்ணனுங்க இருக்காங்க, என் புள்ளைக்கு ஒண்ணும் ஆகாது”ன்னு ஒத்தை ஆளா நின்னு சண்டை போட்டிருக்காங்க அந்தத் தாய்ங்க. ஒரு கோப்பைக்காக அந்த அம்மாக்கிட்ட போயி, “நீங்க சொன்னது பொய்யாப் போச்சு”ன்னு நான் சொல்லணுமா? நான் சொல்ல மாட்டேன். எனக்கு அந்தக் கோப்பை வேணாம். பத்து வருஷம் தோத்துக்கிட்டே இருந்தாலும் வேணாம்! எந்த அணிக்குத் தீர்ப்புன்னு எழுதறதுக்கு முன்னாடி, ஐயா, மேடையை விட்டு இறங்கி, அந்தப் பொண்ணுங்க கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு எழுதுங்க.

நன்றி. வணக்கம்.