தொடாமல் ஓடும் பிஸ்டன்

நண்பர்களே, ஒரு சின்னக் கணக்கோடு தொடங்குகிறேன். நொடிக்கு 50 முறை போய்வரும் பிஸ்டன் ஒன்று. போக 10 மில்லிமீட்டர், வர 10 மில்லிமீட்டர். ஆக, நொடிக்கு 1 மீட்டர். 10 ஆண்டுகளில் 3 லட்சம் கிலோமீட்டரைத் தாண்டிவிடும்! அவ்வளவு தூரமும் சிலிண்டரில் உரசிக்கொண்டே ஓடினால் என்ன மிஞ்சும்?

எண்ணெய் விடலாமே என்று கேட்பீர்கள். இது செயற்கைக்கோளில் அகச்சிவப்பு உணரியை 80 கெல்வின் (சுமார் −193 டிகிரி செல்சியஸ்) வரை குளிர்விக்கும் இயந்திரம். அந்தக் குளிரில் எண்ணெய் ஆவி உறைந்து, வெப்பத்தை வாங்கித் திருப்பித் தரும் ரீஜெனரேட்டரின் நுண்துளைகளை அடைத்துவிடும். தேய்ந்து உதிரும் தூளும் அங்கேதான் போய்ச் சேரும். சரி, அப்படியானால் பிஸ்டன் சுவரைத் தொடவே கூடாது.

இதற்கு ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் கார்டன் டேவியும் உடன் உழைத்தவர்களும் கண்ட வழி எனக்கு இன்றும் வியப்புதான். மெல்லிய உலோகத் தகட்டில் சுருள் வடிவில் வெட்டுகள் போட்டார்கள். அந்தத் தகடு முன்னும் பின்னும் எளிதாக வளையும், பக்கவாட்டில் அசையாது. பிஸ்டன் தண்டை இரண்டு இடங்களில் இப்படித் தாங்கிப் பிடித்தால், சுவருக்கும் அதற்கும் நடுவே பத்துப் பதினைந்து மைக்ரான் இடைவெளி அப்படியே நிற்கும். வாயு கசியாமல் தடுக்கும் சீலும் அந்தக் குறுகிய இடைவெளிதான். 1991-ல் ஏவப்பட்ட யுஏஆர்எஸ் என்ற வளிமண்டல ஆய்வுச் செயற்கைக்கோளில் இத்தகைய குளிர்விப்பான்கள் வேலை செய்தன.

இடைவெளியைக் கொஞ்சம் கூட்டிக்கொள்ளலாமே? முடியாது. பிஸ்டன் அழுத்தும் ஹீலியம் வாயுவின் கசிவு, இடைவெளியின் மும்மடிக்கு ஏற்பக் கூடும். இடைவெளி இரு மடங்கானால் கசிவு எட்டு மடங்கு! அதனால்தான், வரைபடத்தைவிடப் பொருத்தும் மேசையில்தான் இந்த இயந்திரத்தின் ஆயுள் முடிவாகிறது என்பேன். அச்சு ஒரு மயிரிழை விலகினாலும் உரசல் தொடங்கிவிடும்.

தகடு வளைந்து வளைந்து முறியாதா? வளையும்போது தகட்டினுள் எழும் தகைவை (பரப்பளவுக்கான விசையை), திரும்பத் திரும்ப வளைந்தாலும் பொருள் முறியாத எல்லையான சோர்வு வரம்புக்கு நன்றாகக் கீழே வைக்க வேண்டும். இந்த வேகத்தில் 1 கோடி சுழற்சிகள் இரண்டரை நாளுக்குள் முடிந்துவிடும். தகைவு கூடுதலாக இருந்தால் சோதனை மேடையிலேயே காட்டிக்கொடுத்துவிடும்.

இன்னொரு வகையான துடிப்புக் குழாய்க் குளிர்விப்பானில், குளிர் உண்டாகும் முனையான குளிர்முனையில் அசையும் பாகமே இல்லை. அங்கே பிஸ்டனின் வேலையை வாயுவே செய்கிறது. ஜேம்ஸ் வெப் தொலைநோக்கியின் மிரி என்ற அகச்சிவப்புக் கருவியை 7 கெல்வினுக்குக் கீழே கொண்டுபோகும் அமைப்பில் இந்த வகையும் இருக்கிறது.

உரசலை ஒழித்த பிறகும் ஓர் எதிரி உள்ளேயே இருக்கிறது. பிஸ்டனை ஓட்டும் மோட்டாரின் கம்பிச் சுருளில் உள்ள பசையிலிருந்து மெல்ல மெல்ல வெளிவரும் நீராவி, குளிர்முனையில் பனியாகப் படியும். ஆகவே ஹீலியம் நிரப்பும் முன், பாகங்களை வெற்றிடத்தில் நாள்கணக்காகச் சூடாக்கி ஈரத்தை வெளியேற்றுகிறார்கள்.