மேடைக்கு வராத மலை

வணக்கம் நேயர்களே.

கத்தலோனியா என்றதும் நம்மில் பலருக்குப் பார்சலோனாவும் கால்பந்தும்தான் ஞாபகத்துக்கு வரும். ஸ்பெயினின் வடகிழக்கு மூலையில், ஒரு பக்கம் பிரனீஸ் மலை, ஒரு பக்கம் மத்தியதரைக் கடல் என்று அமைந்த பகுதி அது. அந்த மக்கள் 'இது எங்களுடையது' என்று சொந்தம் கொண்டாடும் ஒரு நாடகத்தைப் பற்றி இன்று பேசப்போகிறேன். அதன் பெயர் 'தெர்ரா பாஷா'. தமிழில் 'தாழ்நிலம்' எனலாம். எழுதியவர் ஆஞ்செல் கிமரா.

முதலில் ஒரு வேடிக்கையைச் சொல்லிவிடுகிறேன். கத்தலான் நாடகம் என்றாலே எல்லாரும் எடுத்துக்காட்டும் இந்த நாடகம், முதன்முதலாக மேடையேறியபோது அதில் கத்தலான் மொழி இல்லை. 1896 நவம்பரில், மாட்ரிட்டில், ஸ்பானிய மொழிபெயர்ப்பில்தான் அரங்கேற்றம் நடந்தது. மொழிபெயர்த்தவர் ஹொசே எசெகராய். பின்னாளில், 1904-ல், இலக்கிய நோபல் பரிசு பெற்றவர் அவர். கத்தலான் மொழியில் எழுதிய மூல நாடகம் 1897 பிப்ரவரியில் மேடைக்கு வந்தது. அதுவும் பார்சலோனாவில் இல்லை. எப்ரோ ஆற்றங்கரை ஊரான தொர்தோசாவில். பார்சலோனாவின் ரொமேயா அரங்குக்கு அதற்குப் பிறகுதான் வந்து சேர்ந்தது.

மாட்ரிட் மேடை பெரிய மேடை. அங்கே பெயர் வாங்கினால் வெளிநாடு வரை போகலாம் என்பது ஒரு காரணமாக இருந்திருக்கும். ஆனால் கத்தலான் நாடகக்காரர்களுக்கு மொழி எப்போதுமே தலைவலி பிடித்த விஷயமாகத்தான் இருந்தது. 1867-ல் மாட்ரிட் அரசு ஓர் உத்தரவு போட்டது. மாகாணப் பேச்சுவழக்கில் மட்டுமே எழுதிய நாடகத்துக்கு அனுமதி கிடையாது என்றார்கள். ஆசிரியர்கள் சளைக்கவில்லை. ஒரே ஒரு பாத்திரத்தை ஸ்பானியம் பேச வைத்துவிட்டு, மற்ற எல்லாரையும் கத்தலானில் பேச விட்டார்கள். அடுத்த ஆண்டே புரட்சி வந்து அந்த உத்தரவு செல்லாமல் போனது. கிமராவே 1895-ல், பார்சலோனாவின் அத்தெனேயு என்ற இலக்கிய மன்றத்துக்குத் தலைவரானதும், தலைமையுரையைக் கத்தலானில் நிகழ்த்தினார். அங்கே அதற்கு முன் எந்தத் தலைவரும் அப்படிச் செய்ததில்லை. மன்றத்தில் ஒரே ரகளை.

சரி, கதைக்கு வருவோம்.

சமவெளியில் ஒரு மாவு ஆலை. ஆலை, அதைச் சுற்றியுள்ள நிலம், குடியானவர்களின் வீடுகள் எல்லாம் சபஸ்தியா என்ற ஒரே ஆளுக்குச் சொந்தம். ஆலையில் வாழும் மார்த்தா என்ற பெண்ணைச் சிறுவயதிலிருந்தே அவன் தன் பிடியில் வைத்திருக்கிறான். அவளோ பிச்சையெடுத்துக்கொண்டு வந்து சேர்ந்தவள், போக்கிடம் இல்லாதவள். சபஸ்தியாவுக்கு இப்போது கடன் கழுத்தை நெரிக்கிறது. நிலத்தைக் காப்பாற்ற ஒரு பணக்காரக் குடும்பத்தில் பெண் எடுக்க வேண்டும். ஊரார் வாயை மூட மார்த்தாவுக்கு எவனையாவது கட்டிவைக்க வேண்டும். மலையில் தன் ஆடுகளை மேய்க்கும் மனலிக் என்ற வெகுளியைக் கூப்பிடுகிறான். தாலி ஒருவன் கையால், உறவு தன்னோடு என்பது அவன் கணக்கு. தமிழ்ப் படம் பார்த்து வளர்ந்த நமக்கு இதெல்லாம் பழகிய கதைதான். மூன்றாம் அங்கத்தில் என்ன நடக்கும் என்று இப்போதே ஊகித்திருப்பீர்கள். ஆனால் கிமரா இதைச் சொல்லும் விதம் அப்படி ஊகிக்கக் கூடியதாக இல்லை.

சபஸ்தியாவுக்குப் பணக்காரப் பெண் ஏன் இவ்வளவு அவசியம் என்பதைப் புரிந்துகொள்ளக் கத்தலான் சொத்துரிமையைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். அந்தக் காலத்தில் அங்கே நிலத்தைப் பிள்ளைகளுக்குப் பங்கு பிரித்துக் கொடுப்பது வழக்கமில்லை. ஒரே வாரிசுக்குத்தான் போகும். பெரும்பாலும் மூத்த மகனுக்கு. அவனை எரேவு என்பார்கள். மகன் இல்லாத வீட்டில் மூத்த மகள் வாரிசு, அவள் புபில்யா. மற்ற பிள்ளைகள் எல்லாருக்கும் சேர்த்துச் சட்டப்படி நாலில் ஒரு பங்குதான் உறுதி. அதனால் பண்ணை சிதறாது. குடும்பப் பெயரும் பண்ணைப் பெயரும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். ஆனால் ஒரு தலைமுறை கடனில் விழுந்தால் மொத்தமும் போய்விடும். அப்போது தூக்கிவிட வருபவள் ஒரு புபில்யா. சபஸ்தியா தேடுவது அப்படி ஒருத்தியை. 1879-ல் ஃபிலோக்சரா என்ற பூச்சி கத்தலோனியாவுக்குள் நுழைந்து திராட்சைத் தோட்டங்களை அழித்துக்கொண்டே வந்தது. கொடி உயிரோடு இருக்கும் வரைதான் குத்தகை என்பது அங்கே பழைய ஏற்பாடு. கொடி செத்தால் குத்தகைக்காரனுக்கு நிலமும் போயிற்று. நிலக்காரருக்கும் குத்தகைக்காரருக்கும் பகை முற்றிக்கொண்டிருந்த அந்தப் பத்தாண்டில்தான் இந்த நாடகம் வருகிறது. பார்க்க வந்தவர்களுக்கு சபஸ்தியா ஒரு கற்பனை வில்லன் இல்லை.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். கதையையே நகர்த்தும் அந்தப் பணக்காரப் பெண் கடைசிவரை மேடைக்கு வருவதில்லை. மனலிக் வளர்ந்த மலையும் வருவதில்லை. மூன்று அங்கமும் ஆலை வீட்டின் உள்ளேயே நடக்கின்றன. கிமராவின் கைத்திறன் எங்கே இருக்கிறது என்று என்னைக் கேட்டால், எதையெல்லாம் மேடைக்கு வெளியே நிறுத்தினார் என்பதில்தான் என்பேன். கண்ணுக்குத் தெரிவது இருட்டு ஆலையும் வாய் ஓயாத மனிதர்களும் மட்டுமே.

அந்த மனிதர்களும் சும்மா வைக்கப்பட்டவர்கள் இல்லை. பெர்டிகோ குடும்பம் என்று ஒரு கூட்டம் வருகிறது. அக்கா, அண்ணன் என்று எல்லாருக்கும் மார்த்தாவின் விஷயம் தெரியும், கிசுகிசுத்துச் சிரிக்கிறார்கள். அவர்களில் கடைக்குட்டி நூரி. காதில் விழுந்ததை அர்த்தம் தெரியாமல் அப்படியே சொல்லிவிடும் சிறுமி. நமக்குக் கதையின் பாதி அவள் வாயிலிருந்துதான் வருகிறது. ஊருக்கே தெரிந்த ஒன்று மாப்பிள்ளைக்கு மட்டும் தெரியாது. திரை விலகிக் கொஞ்ச நேரத்திலேயே அரங்கில் உட்கார்ந்திருக்கும் நாமும் அந்தத் தெரிந்தவர்கள் கூட்டத்தில் சேர்ந்துவிடுகிறோம். மனலிக் சந்தோஷமாகப் பேசப் பேச நமக்குக் கூசுகிறது. ஊராரைத் திட்டவும் முடிவதில்லை, ஏனென்றால் நாமும் வாயை மூடிக்கொண்டுதானே பார்க்கிறோம்! திருமணத்தைப் பேசி முடித்த தொமாஸ் என்ற கிழவருக்கு உண்மை தெரிய வருகிறது. பதறுகிறார். அதற்குள் கோவிலில் கல்யாணம் முடிந்துவிடுகிறது. அந்தக் கோவிலும் மேடைக்கு வெளியேதான்.

முதல் அங்கத்தின் கடைசிக் காட்சியைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். முதலிரவு. மார்த்தா தன் அறைக்குள் போக மறுத்து வெளியிலேயே உட்கார்ந்திருக்கிறாள். அவள் மனத்தில் ஓடுவது இதுதான்: இந்த ஆட்டுக்காரனுக்கு எல்லாம் தெரியும், காசு வாங்கிக்கொண்டுதான் தாலி கட்டியிருக்கிறான். அவனைப் பார்க்கவே அவளுக்கு அருவருப்பு. மனலிக்குக்கோ அவள் கோபம் புரியவில்லை. இத்தனை காலமும் அவன் ராத்திரி தூங்கும்முன் இரண்டு ஜெபம் சொல்லிவந்தவன். ஒன்று செத்துப்போன அப்பா அம்மாவுக்காக, இன்னொன்று நல்ல மனைவி கிடைக்க வேண்டும் என்று. கிடைத்துவிட்டாள் என்ற பூரிப்பில் தன்னிடம் இருக்கும் ஒரே சொத்தை எடுத்து அவளிடம் நீட்டுகிறான். ஒரு வெள்ளிக்காசு.

அந்தக் காசுக்கு ஒரு கதை உண்டு. ஓர் ஓநாய் இரவில் மந்தைக்குள் புகுந்து ஆடுகளைக் கொன்றுகொண்டிருந்தது. மனலிக் காத்திருந்து, இருட்டில் அதோடு கட்டிப்புரண்டு, கடிபட்டு, ரத்தம் சிந்திக் கொன்றான். விஷயம் கேள்விப்பட்ட ஆண்டை மெச்சிக் கொடுத்த காசு அது. ஆண்டை என்றால் சபஸ்தியாவேதான்!

அந்தக் காசைப் பார்த்த கணத்தில்தான் மார்த்தாவுக்கு உறைக்கிறது. தன்னைக் கட்டிக்கொள்ளக் கூலி வாங்கியவன் தன் ரத்தத்துக்குக் கிடைத்த காசைத் தூக்கிக் கொடுப்பானா? இவனுக்கு எதுவுமே தெரியாது. ஏமாந்தவர்கள் இரண்டு பேர். இதை அவள் ஒரு வசனமாகச் சொல்வதில்லை. நாம் அவள் முகத்தில்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். அதே நேரத்தில் அவளுடைய அறைக்குள் ஒரு வெளிச்சம் தெரிகிறது. மனலிக் பார்த்துவிடுகிறான். உள்ளே யாரோ இருக்கிறார்கள் என்கிறான். வெளிச்சம் அணைகிறது. யாருமில்லை, எதுவுமில்லை என்கிறாள் அவள். உள்ளே இருப்பவன் யார் என்று நமக்குத் தெரியும். அவன் குரலும் கேட்பதில்லை, நிழலும் தெரிவதில்லை. ஒரு விளக்கை ஏற்றி அணைத்து ஒரு மனிதனின் அதிகாரம் முழுவதையும் காட்டிவிடுகிறார் கிமரா. நூறு வரி வசனம் எழுதினாலும் அந்த வெளிச்சம் செய்ததைச் செய்திருக்க முடியாது.

மூன்றாம் அங்கத்தில் சபஸ்தியாவிடம் ஆயுதம் இல்லை என்று பார்த்து, மனலிக் தன் கத்தியைத் தூக்கி எறிந்துவிட்டு வெறுங்கையால் மோதுகிறான். ஆண்டை விழுகிறான். மார்த்தாவை அழைத்துக்கொண்டு மலைக்குக் கிளம்பும்போது மனலிக், 'ஓநாயைக் கொன்றுவிட்டேன்' என்று மூன்று முறை கத்துகிறான். விளக்கம் எதுவும் தேவைப்படவில்லை. முதல் அங்கத்தில் விதைத்தது அங்கே முளைக்கிறது. கத்தலோனியாவில் இந்த ஒரு வரி தெரியாதவர்களைப் பார்ப்பது கஷ்டம்.

மேடைக்கு வராத அந்த மலையைப் பற்றிச் சொல்கிறேன். 1903-ல் ஆய்கன் டால்பெர் என்ற இசையமைப்பாளர் இந்தக் கதையை 'டீஃப்லாண்ட்' என்ற ஜெர்மன் ஆப்பெராவாக, அதாவது பாட்டாகவே பாடி நடிக்கும் இசை நாடகமாக, ஆக்கினார். அது பிராக் நகரில் அரங்கேறியது. அதில் தொடக்கத்திலேயே மலைமேல் நடக்கும் ஒரு முன்காட்சியைச் சேர்த்துவிட்டார்கள். இசைக்கு அது பொருந்துகிறது. ஆனால் பார்வையாளர் மலையைக் கண்ணால் பார்த்துவிடுகிறார். பிறகு லேனி ரீஃபென்ஸ்டால் என்ற ஜெர்மன் இயக்குநர் அதே ஆப்பெராவைப் படமாக எடுத்தார். படப்பிடிப்பு 1940-ல் தொடங்கியது, படம் 1954-ல்தான் வெளியானது. அதில் ஓநாய்ச் சண்டையையே காட்டிவிட்டார்கள். அந்தப் படத்தில் கூட்டத்தில் நிற்க வைக்கப்பட்டவர்கள் நாஜி முகாம்களிலிருந்து கொண்டுவரப்பட்ட ரோமா, சிந்த்தி என்ற ஐரோப்பிய ஜிப்சி இன மக்கள். அவர்களில் பலர் பின்னர் ஆஷ்விட்ஸ் வதைமுகாமில் கொல்லப்பட்டார்கள். அடிமைப்பட்டவர்களுக்காகப் பேசும் ஒரு கதைக்கு இப்படி ஒரு கதி.

கிமரா மலையைக் காட்டாமல் விட்டதற்கு அவருடைய பார்வையாளர்களும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். ரொமேயாவில் டிக்கெட் வாங்கி உட்கார்ந்தவர்கள் பார்சலோனா நகரத்து மனிதர்கள். நூற்பாலைகளும் புகைக்கூண்டுகளும் வெடிகுண்டுகளும் நிறைந்த ஊர் அது. 1893-ல் லிசேயு அரங்கத்துக்குள்ளேயே குண்டு வீசினார்கள். அதே காலத்தில்தான் படித்த கத்தலான்காரர்கள் கூட்டம் கூட்டமாக மலையேறப் போனார்கள். 1876-லேயே அதற்கென்று ஒரு சங்கம் தொடங்கியிருந்தார்கள். அவர்களுக்கு மலையேற்றம் வெறும் உடற்பயிற்சி கிடையாது. பழைய கோவில், பழைய பாட்டு, கெடாத மொழி எல்லாம் மேலேதான் இருக்கின்றன என்று நம்பினார்கள். அந்த நம்பிக்கை மனத்தில் இருக்கும் ஒருவனுக்கு அட்டையில் வரைந்த மலையைக் காட்டினால் சப்பென்று போய்விடும். மனலிக் தன் கொச்சைப் பேச்சில் ஆட்டையும் பனியையும் பாறையையும் சொன்னால், கேட்பவன் தான் பார்த்த மலையைத் தானே வரைந்துகொள்வான். முன்பு கவிதை நடையில் சோக நாடகங்கள் எழுதிப் புகழ் பெற்றிருந்த கிமரா, இந்தக் காலகட்டத்தில் பேச்சுநடை உரைநடைக்கு மாறியதும் இதற்காகத்தான் என்று எனக்குப் படுகிறது.

மனலிக்கை அவர்கள் தேசியச் சின்னமாகவே ஆக்கிவிட்டார்கள். பார்சலோனாவின் மொன்ட்ஜூயிக் குன்றில் அவனுக்குச் சிலை இருக்கிறது. எனக்கு இதில் கொஞ்சம் மனத்தாங்கல் உண்டு. நாடகத்தை உண்மையில் தூக்கி நிறுத்துபவள் மார்த்தா. மனலிக் முதலிலும் நல்லவன், கடைசியிலும் நல்லவன். மாறுபவள் அவள்தான். இரண்டாம் அங்கத்தில் வாய் திறந்து தன் கதையைச் சொல்வதும், சபஸ்தியாவை அவன் முகத்துக்கு நேரே காட்டிக்கொடுப்பதும் அவள்தான். கிமராவும் ஓரளவு அவளைப் போல வெளியாள். 1845-ல் தொலைதூரத் தெனெரீஃபே தீவில் பிறந்தவர். அப்போது பெற்றோருக்குத் திருமணம் ஆகியிருக்கவில்லை. சிறுவனாகத்தான் தந்தையின் ஊரான வெண்ட்ரெலுக்கு வந்து சேர்ந்தார். எந்த ஊருக்கும் முழுசாகச் சொந்தமில்லாத ஒருத்தியை இவ்வளவு கூர்மையாக எழுத அது உதவியிருக்கும். ஆனால் ஒரு காட்சியில், மனலிக்கின் ஆத்திரத்தைக் கிளறிக் கத்தியால் கையில் காயம் பட்டதும் அவள் சந்தோஷப்படுகிறாளே, அந்த இடம் எனக்கு இன்றும் நெருடுகிறது. அந்தக் காலத்து மேடை அதைக் காதல் என்று ஏற்றுக்கொண்டது. இன்று நடத்துபவர்கள் அதை என்ன செய்வது என்று யோசித்துத்தான் ஆக வேண்டும்.

கிமரா 1924-ல் இறந்தபோது ஸ்பெயினில் ப்ரீமோ தெ ரிவேராவின் சர்வாதிகாரம். பார்சலோனா தெருக்கள் கொள்ளாத கூட்டம் இறுதி ஊர்வலத்துக்கு வந்தது. அப்புறம் இன்னொரு சர்வாதிகாரியான ஃபிராங்கோவின் காலம். 1939-லிருந்து 1946 வரை கத்தலானில் தொழில்முறை நாடகம் போடவே விடவில்லை. தடை தளர்ந்ததும் மேடைக்குத் திரும்பிய பெயர்களில் கிமராவும் ஒருவர்.

2014-ல் லுயிஸ் ஒமார் என்ற நடிகர் இதைத் தனி ஆளாக நடித்தார். இயக்கம் பாவ் மிரோ, இசை சில்வியா பெரஸ் க்ரூஸ். மனலிக், மார்த்தா, சபஸ்தியா, நூரி எல்லாரும் ஒரே உடம்பிலிருந்து பேசினார்கள். ஓநாயும் அதைக் கொன்றவனும் ஒருவரே என்றால் அந்தக் கடைசிக் கூச்சலுக்கு வேறொரு பொருள் வந்துவிடுகிறது. நாடகத்தைப் படித்தோ பார்த்தோ இருப்பவர்கள் அதை யோசித்துப் பார்க்கலாம். படிக்காதவர்கள் முதல் அங்கத்தின் கடைசிக் காட்சியையாவது தேடிப் படியுங்கள்.

வாய்ப்பளித்த வானொலி நிலையத்துக்கு நன்றி. வணக்கம்.