கடன் வாங்கிக் கழித்தல்

எல்லாருக்கும் வணக்கம்ங்க. நான் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப்பள்ளி டீச்சர். ட்ரெயினிங் படிக்கும்போது ஸ்கூலுக்குப் போய் பாடம் எடுத்த அனுபவத்தப் பத்திப் பேசுங்கன்னு இங்க கூப்பிட்டாங்க. எதச் சொல்றதுன்னு யோசிச்சா எனக்கு மறுபடி மறுபடி ஒரு கழித்தல் கணக்குதான் ஞாபகத்துக்கு வருது, அதனால அதையே சொல்லிடறேன்.

2009-ஆம் வருஷம். டி.டி.எட்னு சொல்ற ஆசிரியர் பயிற்சிப் படிப்புல ரெண்டாவது வருஷம். நத்தம் பக்கத்துல ஒரு கிராமத்து ஸ்கூல், ரெண்டு பஸ் மாறிப் போகணும். எங்களுக்கு அப்போ ஸ்கூலுக்குப் போறதுன்னா சார்ட்டுதான். ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் ஹாஸ்டல் தரையில உட்கார்ந்து சார்ட் எழுதுவோம், ஓரத்துல ஜிகினா ஒட்டுவோம், தெர்மாகோல்ல பழம் வெட்டுவோம். அப்புறம் லெசன் பிளான். ஆர்வமூட்டல், பாட விளக்கம், தொகுத்தல், மதிப்பீடுன்னு கட்டம் போட்டு, நான் என்ன கேப்பேன், பிள்ளைங்க என்ன பதில் சொல்லுவாங்கன்னு அதையும் நாங்களே எழுதணும். அந்தப் பதில் எல்லாம் சரியான பதிலாத்தான் இருக்கும், தப்பா பதில் சொல்ற பிள்ளை எங்க லெசன் பிளான்ல ஒண்ணுகூடக் கிடையாது!

இந்தக் கட்டத்தோட போய் நின்னா அங்க கிளாஸே வேற மாதிரி இருக்கு. அது செயல்வழிக் கற்றல் வந்த புதுசு. ஆந்திராவுல ரிஷி வேலி ஸ்கூல்ல செஞ்சு பார்த்தது, சென்னை மாநகராட்சி ஸ்கூல்கள்ல ஆரம்பிச்சு 2007-08ல தமிழ்நாடு முழுக்கக் கொண்டுவந்துட்டாங்க. ஒண்ணாப்பு, ரெண்டாப்பு, மூணாப்பு, நாலாப்பு எல்லாம் ஒரே ரூம்ல பாய் மேல வட்ட வட்டமா உட்கார்ந்திருக்கும். பாடத்தச் சின்னச் சின்னப் படியாப் பிரிச்சு ஏணி மாதிரி வச்சிருப்பாங்க, அதுல அவனவன் எந்தப் படியில இருக்கானோ அந்தக் கார்ட எடுத்துட்டு வந்து அவனவன் வேலையப் பார்ப்பான். சுவத்துல கீழ, பிள்ளைங்க உசரத்துக்குச் சுத்திலும் கருப்புப் பலகை, ஒவ்வொருத்தருக்கும் அதுல ஒரு கட்டம். நான் முன்னாடி நின்னு "குட்டீஸ், இங்க பாருங்க"ன்னா ஒருத்தரும் திரும்பல. திரும்ப வேண்டிய அவசியமும் அவங்களுக்கு இல்ல. முதல் நாள் என் ஜிகினா சார்ட் அப்படியே சுருட்டினபடி பைக்குள்ளயே கிடந்துச்சு.

கிளாஸ் டீச்சர் நல்லவங்க. "இப்போதைக்குப் பாடம் எடுக்க வேணாம்மா, ஒரு வாரம் சும்மா பின்னாடி உட்காரு"ன்னாங்க. எனக்குக் கோவம், இங்க உட்காரவா ரெண்டு பஸ் மாறி வர்றேன்னு.

அப்படி உட்கார்ந்திருக்கும்போதுதான் ஒரு பையன் அவனோட கட்டத்துல கணக்குப் போட்டான். 52-ல 27 போனா 35. அடுத்து 41-ல 18 போனா 37. ரெண்டும் தப்பு. நான் உடனே எழுந்துபோய் கவனக்குறைவுன்னு சொல்லி அழிக்கப் போனேன், என்னமோ தோணுச்சு, எப்படிடா போட்டேன்னு கேட்டேன். அவன் என்னை விட நிதானமா சொன்னான், "ரெண்டுல ஏழு போகாதுல்ல டீச்சர், ஏழுல ரெண்டு போகும்ல, அதான்." ரெண்டாவதையும் பார்த்தா அதே விதி, எட்டுல ஒண்ணக் கழிச்சு ஏழு. அவன் கவனமாத்தான் இருந்திருக்கான், விதிதான் அவனே உண்டாக்கினது.

ரொம்ப வருஷம் கழிச்சுதான் தெரிஞ்சுது, 1978-லயே அமெரிக்காவுல ஜான் சீலி பிரவுன், ரிச்சர்ட் பர்ட்டன்னு ரெண்டு பேரு பசங்க போட்ட கழித்தல் கணக்குகள வச்சு இதத்தான் எழுதியிருக்காங்க, கம்ப்யூட்டர் புரோகிராம்ல பிழை இருந்தா அது ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரி தப்பு பண்ணும்ல, அந்த மாதிரிதான் பசங்களோட நிறைய தப்புக்கு உள்ள ஒரு ஒழுங்கு இருக்குன்னு. நத்தத்துப் பையன் எனக்கு அத ஒரே வரியில சொல்லிட்டான்.

சரி, விஷயம் புரிஞ்சுபோச்சுன்னு நான் "பக்கத்து வீட்ல கடன் வாங்கு"ன்னு சொல்லிக் குடுத்தேன். நாம எல்லாரும் அப்படித்தானே படிச்சோம். அவன் வாங்கினான். வாங்கிட்டுக் கேட்டான், "எப்போ டீச்சர் திருப்பிக் குடுக்கணும்?"

என்கிட்ட பதில் இல்லைங்க. பன்னெண்டு வருஷம் ஸ்கூல்ல படிச்சு, அதுக்கு மேல ட்ரெயினிங்கும் படிச்சும் எனக்கு அந்தக் கேள்வி வந்ததே இல்ல. கடன் வாங்கினா குடுக்கணும்ல, அவன் வீட்ல அதானே பேச்சா இருந்திருக்கும்.

கிளாஸ் டீச்சர் சிரிச்சுக்கிட்டே அலமாரியில இருந்து ஈர்க்குச்சிக் கட்ட எடுத்துக் குடுத்தாங்க. பத்துப் பத்தா ரப்பர் பேண்ட் போட்டு வச்சிருந்துச்சு. அஞ்சு கட்டு, உதிரியா ரெண்டு குச்சி. இருபத்தேழு எடுன்னேன். ரெண்டு கட்ட எடுத்து வச்சான். ஏழு உதிரி வேணும், கையில ரெண்டுதான் இருக்கு. கொஞ்ச நேரம் என் மூஞ்சியப் பார்த்தான். நான் வாயத் திறக்கல (அதுதான் ரொம்பக் கஷ்டமா இருந்துச்சு). அவனே ஒரு கட்டோட ரப்பர் பேண்ட கழட்டினான், அது பட்டுன்னு தெறிச்சு எங்கயோ போச்சு, பன்னெண்டுல ஏழு எண்ணி எடுத்தான், மிச்சம் ரெண்டு கட்டு அஞ்சு குச்சி. "இது கடன் இல்ல டீச்சர், நம்மதுதான். சில்லறை மாத்துறது."

அன்னைல இருந்து இன்னிக்கு வரைக்கும் நான் என் கிளாஸ்ல கடன் வாங்குன்னு சொல்றதில்ல, சில்லறை மாத்துன்னுதான் சொல்றேன்.

அப்புறம் தப்புகளக் கேக்குறதே எனக்கு ஒரு பழக்கமாயிடுச்சு. ஒரு பொண்ணு எண்ணிக்கிட்டே வந்து எண்பத்தொம்பதுக்கு அப்புறம் "எண்பத்திப் பத்து"ன்னா. சரியாத்தானே சொல்றா? நம்ம தமிழ்தான் அங்க ஒரு வம்பு பண்ணுது. எட்டு எண்பதாகுது, ஏழு எழுபதாகுது, ஒம்பது மட்டும் தொண்ணூறுன்னு வருது. பேர்லயே நூறு இருக்கு, ஆனா நூறு இல்ல. தொள்ளாயிரமும் அதே கதைதான். தொண்ணூறுன்னு சொன்னா 100 எழுதுற பிள்ளைய மக்குன்னு எப்படிங்க சொல்றது, காதுல விழுந்தத எழுதியிருக்கு.

எங்களப் பார்க்க வந்த மேற்பார்வை சார் பின்னாடி பெஞ்சுல உட்கார்ந்து என் ரெக்கார்டுல எழுதிட்டுப் போனது என்னன்னா, "கரும்பலகைப் பணி நன்று. குரல் ஏற்ற இறக்கம் தேவை." ஈர்க்குச்சி அதுல எங்கயும் இல்ல. அவரக் குத்தம் சொல்ல மாட்டேன், அதுக்கு அந்த ஃபார்ம்ல கட்டமே கிடையாது.

இப்போ செயல்வழிக் கற்றல் கார்டு எல்லாம் போயி, 2022-ல ஒண்ணுல இருந்து மூணாவது வரைக்கும் எண்ணும் எழுத்தும்ங்கிற திட்டம் வந்துச்சு. பிள்ளைங்க எந்த அளவுக்குக் கத்துக்கிட்டாங்களோ அதுக்குத் தக்க அரும்பு, மொட்டு, மலர்னு பிரிச்சு உட்கார வச்சோம். பேரு மாறினாலும் 52-ல 27 போனா 35ன்னு எழுதுற பிள்ளை வருஷா வருஷம் வருது.

ட்ரெயினிங் பிள்ளைங்களும் வர்றாங்க. போன மாசம் ரெண்டு பேரு வந்தாங்க, கையில இவ்ளோ பெரிய சார்ட், ஓரத்துல ஜிகினா. நான் அதப் பத்தி ஒண்ணும் சொல்லல. வாங்கி அலமாரி மேல வச்சுட்டு, சும்மா பின்னாடி உட்காருங்கம்மான்னேன். ஒரு பொண்ணுக்கு மூஞ்சி சுண்டிப்போச்சு, எனக்கு உள்ளுக்குள்ள சிரிப்பு. மூணாவது நாள் அவளே என்கிட்ட வந்து, "மேம், அந்தப் பையன் ஏன் எல்லாக் கணக்குலயும் மேல கீழ பார்க்காம பெரிய இலக்கத்துல இருந்தே சின்ன இலக்கத்தக் கழிக்கிறான்?"னு கேட்டா.

"என்னைக் கேட்டா? போய் அவனக் கேளு"ன்னுட்டேன்.

வணக்கம்.