திமிர் இல்லைங்க, பயம்

நடுவர் அவர்களே, "மன்னிப்புக் கேட்கத் தயங்க வைப்பது அகங்காரமா, அச்சமா?" என்பது தலைப்பு. எதிரணி நண்பர் வந்த வேகத்தில் "எல்லாம் திமிருங்க" என்று சொல்லிக் கைதட்டலும் வாங்கிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். ஆனால் தலைப்பில் 'தயங்க' என்று ஒரு சொல் இருக்கிறதே, அதை அவர் படிக்கவே இல்லை. திமிர் பிடித்தவன் எங்கேங்க தயங்குவான்? அவனுக்குத்தான் தப்பு செய்தோம் என்ற நினைப்பே கிடையாதே, நிம்மதியாகத் தூங்கிவிடுவான். தயங்குகிறவன் தப்பை உணர்ந்தவன்.

என் சித்தப்பாவையே எடுத்துக்கொள்ளுங்கள். பர்கூர் பக்கம் எங்களுக்குப் பங்குக் கிணறு. அப்பா முறை அன்றைக்கு இவர் மோட்டாரைப் போட, காயில் எரிந்துபோனது. அன்றோடு பேச்சு நின்று ஒன்பது வருடம். ஆனால் மாங்காய் சீசன் வந்தால் எங்கள் திண்ணைக்கு ஒரு கூடை செந்தூரா வந்துவிடும். கூழ் ஆலைக்குப் போகிற பெங்களூரா இல்லை, வைக்கோல் வைத்துப் பழுக்கப் போட்ட அசல் செந்தூரா! திமிர் பிடித்தவன் பங்காளி வீட்டுக்குப் பழம் அனுப்புவானா? ஒருநாள் கேட்டேவிட்டேன், "ஒரு வார்த்தை சொல்லிட்டா என்ன சித்தப்பா?" "சொல்லிட்டா மோட்டார் காசு மொத்தமும் என் தலையிலதானேடா, அப்புறம் ஊர்ல உட்கார வச்சுப் பேசுவாங்க" என்றார்.

அந்த 'உட்கார வச்சு' எனக்கு நன்றாகவே புரிந்தது. நம் பக்கம் பல ஊர்களில் மன்னிப்பு வாய்வார்த்தையோடு முடிகிறதா? நாலு பேர் முன்னால் நிற்கவை, அபராதம் போடு, காலில் விழச் சொல். யார் காலில் யார் விழுந்தார்கள் என்பதை விரித்தால் நீங்கள் மணி அடித்துவிடுவீர்கள், விடுங்கள். பள்ளிக்கூடத்தில் மட்டும் என்ன? "கண்ணாடியை உடைச்சது யாரு?" என்றதும் எழுந்து நின்றவன் அடி வாங்கினான், கூரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவன் தப்பித்தான். அந்தப் பாடத்தைத்தான் நாம் யாரும் மறக்கவில்லை.

அரசாங்கங்களுக்கும் இதே கதிதான். ஜாலியன்வாலா பாக் படுகொலை நடந்து நூறு வருடம் ஆன 2019-இல் பிரிட்டிஷ் பிரதமர் தெரசா மே "ஆழ்ந்த வருத்தம்" என்றார், 'மன்னிப்பு' மட்டும் வாயில் வரவில்லை. வெள்ளைக்காரன் திமிர் என்பீர்கள். எனக்கென்னவோ, கேட்டுவிட்டால் பின்னாலேயே பில் வருமே என்ற சித்தப்பாவின் கணக்காகத்தான் தெரிகிறது. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் 2006-இல் ஒரு சட்டமே போட்டார்கள்: ஒருவர் மன்னிப்புக் கேட்டால் அதைக் குற்ற ஒப்புதலாக எடுக்கக்கூடாது, சிவில் வழக்கில் அவருக்கு எதிரான சாட்சியாகவும் காட்டக்கூடாது. திமிரைக் குறைக்க யாராவது சட்டம் போடுவார்களா? பயத்தைப் போக்கத்தான் போட்டார்கள்.

மணியில் கை வைத்துவிட்டீர்கள், சரி, முடிக்கிறேன். போன வைகாசியில் காலிக்கூடையைத் திருப்பிக் கொடுக்க அப்பாவே போனார். உள்ளே ஒரு படி புளி. வாசலில் வைத்துவிட்டு "கூடை" என்றார். சித்தப்பா "ம்" என்றார். இரண்டு பேருக்கும் கை நடுங்கியதை நான் பார்த்தேன் நடுவர் அவர்களே, அதைக் கணக்கில் வைத்துத் தீர்ப்புச் சொல்லுங்கள்.