காற்றும் மேற்கே, வெயிலும் மேற்கே

நேயர்களுக்கு வணக்கம். நான் கட்டடப் பொறியாளன். தென்காசி, குற்றாலம் பக்கம் தோப்பு வாங்கி, மரங்களுக்கு நடுவே விடுதி கட்ட விரும்புகிறவர்கள் என்னிடம் வருவதுண்டு. மழைத்தண்ணீர் இந்த இடத்தில் எந்தப் பக்கமாக ஓடுகிறது என்றுதான் முதலில் கேட்பேன். தெரியாது என்றால், ஒரு ஐப்பசி மழையில் குடையோடு போய் நின்று பார்த்துவிட்டு வாருங்கள் என்பேன்.

இலங்கையில் தம்புள்ளைக்குப் பக்கத்தில், கண்டலமை ஏரியைப் பார்த்தபடி ஒரு ஓட்டல் இருக்கிறது. 1990களில் இலங்கைக் கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா வடிவமைத்தது. சிகிரியாக் குன்றை ஒட்டி முதலில் காட்டிய இடத்தை வேண்டாம் என்று சொல்லிவிட்டு, அவரே தேர்ந்தெடுத்த பாறைச்சரிவு இது. கட்டடம் தூண்கள்மேல் நிற்கிறது. மழைநீர் அடியில் புகுந்து ஏரிக்குப் போய்விடும். மாடியில் மண்ணும் செடியும், முகப்பு முழுக்கக் கொடி. வரவேற்புக்கூடத்துக்குள்ளேயே பாறை நீட்டிக்கொண்டிருக்கும். வெட்டாமல் அதைச் சுற்றிக் கட்டியிருக்கிறார்கள்.

சரி, அதையே இங்கே கொண்டுவந்து வைத்துவிடலாமா? கூடாது. நம் ஊர்க் கணக்கு வேறு. ஆனி, ஆடியில் செங்கோட்டைக் கணவாய் வழியாக மேற்கிலிருந்து காற்று வருகிறது, சாரலும் சேர்ந்து. சித்திரையில் பிற்பகல் வெயில் அடிப்பதும் அதே மேற்கில்தான். மேற்கை அடைத்தால் காற்று போச்சு. திறந்தால் அறை உலையாகிவிடும்.

ஒரு விடுதியில் தங்கியிருந்தேன், மேற்குச் சுவர் முழுக்கக் கண்ணாடி. மூன்று மணிக்குக் கையை வைத்தேன், தோசைக்கல் மாதிரி சுட்டது. பகலிலேயே திரையை இழுத்துவிட்டு, விளக்கைப் போட்டு, ஏசியையும் ஓடவிட்டிருந்தார்கள். வாசலில் ‘பசுமை விடுதி’ என்று பலகை! மனசுக்குக் கஷ்டமாக இருந்தது.

மேற்கே ஏழெட்டு அடி அகலத்தில் தாழ்வாரம் இறக்குங்கள். ஓடு தாழ வரட்டும், நின்றால் தலை இடிக்காத அளவுக்கு. வெயிலும் சாரலும் அங்கேயே நின்றுவிடும், காற்று மட்டும் உள்ளே வரும். எதிர்ச் சுவரிலும் ஜன்னல் வேண்டும். காற்றுக்கு வெளியேற வழியில்லை என்றால் உள்ளேயும் வராது. தாழ்வாரத்துக்கு அப்பால் ஒரு புங்கமரம் நின்றால் இன்னும் நல்லது.

சுவருக்கு, கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் கேரளத்தில் பரப்பிய எலிப்பொறிக் கட்டு போதும். செங்கல்லைக் குத்துவாக்கில் நிறுத்தி நடுவே வெற்றிடம் விடுவது. செங்கல் ஏறக்குறைய கால்வாசி மிச்சமாகும், வெப்பமும் சட்டென்று உள்ளே இறங்காது. பூச்சுக்குச் சுண்ணாம்பு. கடுக்காய் ஊறிய தண்ணீரும் கருப்பட்டியும் சேர்த்து அரைத்துப் பூசித் தேய்த்த சுவரைத் தடவிப் பாருங்கள், முட்டை ஓடு மாதிரி வழுவழுவென்று இருக்கும். அந்த வேலை தெரிந்த கொத்தனார்கள் குறைந்துவிட்டார்கள். கிடைத்தால் விடாதீர்கள், கூடவே இரண்டு இளைஞர்களையும் நிறுத்தி வேலை பழகவிடுங்கள்.

அப்புறம் அந்த மாமரம். வரைபடத்தில் குறுக்கே நிற்கிறதே, வெட்டிவிடலாமா என்று கேட்பார்கள். நடைபாதையை நான்கு அடி வளைத்துப் போட்டுவிடுவேன்.