சட்டை மாற்றும் வாள்

[திரையில்: கறுப்புத் துணி மேல் உறையோடு ஒரு கட்டானா. கேமரா மெல்லப் பிடிப் பக்கம் நகர்கிறது.]

ஜப்பான் வாள்னு சொன்னதும் எல்லாரும் பேசறது அந்த இரும்பைப் பத்தித்தான். எத்தனை தடவை மடிச்சு அடிச்சாங்க, எவ்வளவு கூர்மை... அந்தக் கதை போதும் போதும்னு கேட்டாச்சு. இன்னிக்கு நாம பார்க்கப்போறது, இந்த வாள்ல எதையுமே வெட்டாத பகுதிகள்.

ஏன்னா, எடோ காலத்துச் (1603–1868, ஷோகன்னு சொல்ற ராணுவத் தலைவர்கள் ஜப்பானை ஆண்ட காலம்) சாமுராய்ல முக்காவாசிப் பேர் போர்க்களத்தையே பார்த்தவங்க இல்லை. 1615ல ஒசாகா கோட்டை விழுந்துச்சு. 1637ல ஷிமபராவுல ஒரு கிளர்ச்சி. அதுக்கப்புறம் இருநூறு வருஷத்துக்கு மேல பெரிய சண்டையே கிடையாது. ஆனா இடுப்புல ரெண்டு வாள் இருந்தே ஆகணும், அது அந்தஸ்து. இரும்பு உறைக்குள்ள தூங்குது. வெளியில தெரியறது பிடியும், பிடிக்கும் இரும்புக்கும் நடுவுல கையைக் காக்கற தட்டான கைக்காப்பும்தான். காசும் கலையும் அங்கதான் போச்சு.

[திரையில்: பிடியின் பக்கவாட்டில் சிறு புள்ளி. சின்னப் பித்தளைச் சுத்தியல்.]

இந்தப் புள்ளி தெரியுதா? மூங்கில் ஆணி. பேரு மெகுகி. மொத்த வாளையும் ஒண்ணாப் பிடிச்சு வெச்சிருக்கறது இது ஒண்ணுதான். இதைத் தட்டி எடுத்துட்டு, இடது கையில பிடியை நிமிர்த்திப் பிடிச்சு, வலது முஷ்டியால இடது மணிக்கட்டை ஒரு குத்து. அவ்வளவுதான், இரும்பு தளர்ந்து கழண்டு வந்துடும். மாட்டினபடியே ஒவ்வொண்ணா உருவலாம்: பிடி, மெல்லிசா ஒரு தகடு, கைக்காப்பு, இன்னொரு தகடு, கடைசியா செம்புப் பூண்.

[திரையில்: பழுப்பேறிய வால் பகுதி, செதுக்கிய எழுத்துகள்.]

வாளுக்கும் ஒரு வால் உண்டு. பிடிக்குள்ள ஒளிஞ்சிருக்கற பகுதி, கொல்லர் பேரை வெட்டறது இங்கதான். இதுல இருக்கற துருவைத் தயவுசெஞ்சு தேய்ச்சு எடுத்துடாதீங்க. வயசைக் கணிக்கறவங்க முதல்ல பார்க்கறதே இந்தத் துருவோட நிறத்தைத்தான். பளபளன்னு ஆக்கினா சாட்சியையே அழிச்ச மாதிரி.

பிடி மரம். அதுமேல திருக்கை மீன் தோல். ஜப்பான்ல இதுக்கு 'சமே'ன்னு பேரு, அந்த வார்த்தைக்கு அர்த்தம் சுறா. அதனால சுறாத்தோல்னே பல பேர் எழுதிடறாங்க. இல்லை, திருக்கைதான். அந்தச் சொரசொரப்பு, மேல சுத்தின பட்டு நாடாவை நழுவ விடாது. நாடாவுக்கு அடியில ரெண்டு பக்கமும் விரல் நீளத்துல ஒரு டிராகனோ சிங்கமோ பாதி மறைஞ்சு எட்டிப் பார்க்கும். அது மெனுகி.

[திரையில்: கைக்காப்பு, மிக நெருக்கத்தில்.]

இப்ப விஷயத்துக்கு வருவோம். இது ட்சுபா, கைக்காப்பு. உள்ளங்கையில அடங்கற தட்டு. இந்தக் கறுப்பைப் பாருங்க. பெயின்ட் இல்லை, அரக்கு இல்லை. ஷகுடோன்னு ஒரு உலோகம், செம்புல கொஞ்சமே கொஞ்சம் தங்கம் கலந்தது. பெரும்பாலும் நூத்துக்கு அஞ்சு பங்கு கூட வராது. செஞ்சு முடிச்சப்ப சாதாரணச் செம்பு மாதிரிதான் இருக்கும். அப்புறம் நல்லாத் துலக்கி, முள்ளங்கியைத் துருவி அதோட சாறைப் பூசி, செம்பு உப்புகள் கரைச்ச தண்ணியில கொதிக்க வைப்பாங்க. வெளியில வரும்போது காக்கைச் சிறகு மாதிரி நீலம் ஓடற கறுப்பு! அந்தத் துளித் தங்கம் இல்லைன்னா இந்த நிறம் வராது. தங்கத்தைப் போட்டுக் கறுப்பை வாங்கற இந்த வேலையை வேற எந்த ஊரும் இவ்வளவு பிரியமாச் செஞ்சதா எனக்குத் தெரியலை.

அந்தக் கறுப்புல மணி மணியா இருக்கே, அது நனகோ. மீன் சினைன்னு அர்த்தம். நுனி குழிஞ்ச உளியை வெச்சு ஒவ்வொரு மணிக்கும் தனித்தனியாத் தட்டணும். வரிசை ஒரு இடத்துல கோணினாலும் தட்டு முழுக்கத் தெரியும்.

இந்த வேலைக்குப் பேர் போனது கோதோ குடும்பம். 15ஆம் நூற்றாண்டுல யூஜோ ஆரம்பிச்சார், பதினேழு தலைமுறை ஓடுச்சு. ஷோகன் கோட்டைக்குப் போகும்போது கறுப்பு உறை, கறுப்பு நாடா, ஷகுடோ அணிகள்னு முறை வகுத்திருந்தாங்க. அங்கே கோதோ வேலைதான் கௌரவம். உண்மையைச் சொல்லணும்னா, கோதோ சிங்கங்கள் எனக்குக் கொஞ்சம் அலுப்பு. இந்தக் கட்டுப்பாட்டை விட்டு வெளிய வந்த யோகோயா சோமின் (1670–1733) வேலையைப் பார்த்தாதான் கண்ணு நிக்கும். உளியைச் சாய்ச்சுப் பிடிச்சு, மைத்தூரிகை மாதிரி ஒரே இழுப்புல தடிப்பும் மெலிசுமா வெட்டுவார். உலோகத்துல திருத்தம் கிடையாது, பாருங்க.

[திரையில்: ட்சுபாவின் நடுத்துளை. ஓரத்தில் சிவப்பாக இரண்டு துண்டுகள்.]

பக்கத்துத் துளைகள் உறையில செருகற குட்டிக் கத்திக்கும் கொண்டை ஊசிக்கும். நடுத்துளை வாளுக்கு. அதோட மேலயும் கீழயும் செம்புத் துண்டு அடைச்சிருக்கா? புது வாளுக்குப் பொருத்தும்போது ஆடாம இருக்க அடைச்சது. அதாவது இந்தத் தட்டு ஒரே வாள்ல இருந்ததில்லை. வாளும் அப்படித்தான். பதினாலாம் நூற்றாண்டு இரும்பு பதினெட்டாம் நூற்றாண்டுச் சட்டையைப் போட்டிருக்கும். தாத்தா வாளுக்குப் பேரன் புதுசாப் பிடி போடுவான். அதனால 'இந்த வாள் எந்தக் காலம்'னு யாராவது கேட்டா, எந்தப் பகுதியைக் கேக்கறீங்கன்னு திருப்பிக் கேளுங்க.

[திரையில்: டிராகன் பொறித்த வெள்ளி யென்.]

1876ல, ஷோகன் ஆட்சி போனப்புறம் வந்த மெய்ஜி அரசு பொது இடத்துல வாள் அணியறதைத் தடை பண்ணுச்சு. உளிக்காரங்க பூச்சாடி, நகைன்னு மாறினாங்க. கனோ நட்சுவோ மட்டும் முன்னாடியே வேற பக்கம் திரும்பிட்டார். 1871ல ஒசாகா நாணயச்சாலை திறந்தப்ப வந்த புதுக் காசுகள்ல இருக்கற டிராகன் அவர் வடிச்சது. கைக்காப்பு செதுக்கின அதே கை.

கழண்டு போன ட்சுபாக்கள் கூட்டங்கூட்டமா ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் போச்சு. நியூயார்க் மெட்ரோபாலிட்டன், பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகம்னு வாளே இல்லாம கண்ணாடிக்குள்ள வரிசையா உக்கார்ந்திருக்கு. அங்க போனா டிராகனை அப்புறம் பார்த்துக்கலாம். முதல்ல நடுத்துளையைப் பாருங்க, செம்பு இருக்கான்னு.